பிறந்த ஊர் என்ற கட்டம்

திருச்சுழியில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு மடக்கு மேஜையும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு மனு எழுதிப் பிழைக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று, கண்மாய்க்குள் கருவேலம் வெட்டிய தகராறு, எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் என் மேஜை காலியாகவில்லை. கம்ப்யூட்டருக்குள் என்ன போட வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. கொஞ்சம் கர்வம் பிடித்தவன் என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் மறுக்க மாட்டேன். அந்தக் கர்வம் என் வீட்டை என்ன செய்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழிலுக்கு ஒரே ஒரு வேதம்: எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே. காலியாக விட்டால் ஃபாரம் திரும்பி வரும், திரும்பி வந்தால் ஏழை ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏற வேண்டும். பெண்கள் ‘பிறந்த ஊர்’ என்ற கட்டத்தில்தான் தடுமாறுவார்கள். “பொறந்தது நரிக்குடிப் பக்கம், வளந்தது மாமா வீட்டுல, எதைண்ணே போடச் சொல்ல?” என்பார்கள். நான் யோசிப்பதே இல்லை. “வாக்கப்பட்ட ஊரைப் போடுத்தா, அலைச்சல் மிச்சம்” என்று சொல்லிப் புருஷன் ஊரையே எழுதிவிடுவேன். இப்படி எத்தனை பெண்களைக் கமுதியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் பிடுங்கி எங்கள் தாலுகாவில் நட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒருத்திக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. என் மனைவி ஒருத்தியைத் தவிர.

அவள் படகில் வந்தவள். எங்கள் வட்டாரத்தில் இருக்கும் இலங்கை அகதிகள் முகாமுக்கு அந்தக் காலத்தில் மாதம் ஒருநாள் சைக்கிளில் போய் மனு எழுதிக் கொடுப்பேன். அங்கே வரிசையில் எப்போதும் முன்னால் நிற்பவர் அவளுடைய அக்கா. இவள் பின்னால் நிற்பாள். தாய் தகப்பன் இல்லை. அக்காவுக்குப் பதினைந்து வயதும் இவளுக்கு எட்டு வயதும் இருக்கும்போது இரண்டு பேரும் ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கியிருக்கிறார்கள். கடலில் தங்கச்சி தவறிப்போகக் கூடாது என்று ஒரு துவாயின், அதாவது துண்டின், ஒரு முனையைத் தன் கையிலும் மறு முனையை இவள் கையிலும் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாராம் அக்கா. கரை ஏறி இரண்டு நாள் வரைக்கும் அவிழ்க்கவே இல்லையாம்.

ஒருநாள் கூரை ஒழுகுகிறது என்று அக்கா மனு கேட்டார். நான் வழக்கம்போல, ‘கூரை முற்றிலும் சிதிலமடைந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளது’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்பிடி ஒண்டும் இல்லையே. ஒழுகுது, அவ்வளவுதான்.”

“ஒழுகுதுன்னு எழுதுனா ஒரு பய எட்டிப் பாக்க மாட்டான் புள்ள.”

“பொய் எழுதி வாற ஓடு எங்களுக்கு வேண்டாம்.”

வரிசையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கோபமாகவே இருந்தேன். அடுத்த மாதம் முகாமுக்குப் போகும் நாளை எண்ணத் தொடங்கிய பிறகுதான் அது கோபம் இல்லை என்று புரிந்தது.

நாங்கள் கத்தோலிக்கர்கள், அவர்களும் கத்தோலிக்கர்கள். கோயிலில் வைத்துத் திருமணம் நடந்தது. அவளிடம் ஞானஸ்நானச் சீட்டு இல்லை, அது அவர்கள் ஊரோடு எரிந்துபோயிற்று. பங்குச் சாமியார் அக்காவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, கல்யாணப் பதிவேட்டில் மணமகளின் ஊர் ‘மன்னார் மாவட்டம்’ என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, முகாம் அட்டையில அவளின்ர பேர் இருக்கட்டும். எடுத்துப்போடாதேங்கோ. எங்களுக்கு அது ஒண்டுதான் இருக்கு.”

“அக்கா, இனிமே அவ எங்க ஊருக்காரி. முகாம் அட்டையெல்லாம் எதுக்கு? பேப்பரு சமாச்சாரத்தை எங்கிட்ட விட்டுருங்க” என்றேன்.

மாப்பிள்ளையிடம் அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவார்? அடுத்த மாதமே மனைவியின் பெயரை முகாம் அட்டையிலிருந்து நீக்கி எங்கள் ரேஷன் கார்டில் ஏற்றினேன். அதற்கடுத்த வருஷம் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் வேலை வந்தது. எங்கள் தெருவுக்கான ஃபாரம் எல்லாம் என்னிடம்தான் வந்தது. ஒரே உட்காரலில் அத்தனையையும் நிரப்பினேன். அந்த ஃபாரத்தில் ஒரு உறுதிமொழி உண்டு. நான் இந்தியக் குடிமகன், நான் பிறந்த ஊர் இன்னது என்று. எல்லாப் பெண்களுக்கும் போட்ட மாதிரியே அவளுக்கும் எங்கள் ஊரைப் போட்டேன். “இந்தா, இதுல ஒரு கையெழுத்து” என்று அடுப்படியில் நின்றவளிடம் நீட்டினேன். அவள் கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு, படிக்காமல் போட்டாள். அந்த வயதில் நான் நீட்டிய எதையும் அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை.

தேர்தலன்று அவள் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வரிசையில் போய் நின்றாள். திரும்பி வந்து விரல் மையை எனக்குக் காட்டினாள். “ஒரு நாடு என்னைக் கணக்கில எடுத்திட்டுது” என்றாள். நான் ஏதோ என் சொந்த நாட்டை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டவன் போல மீசையைத் தடவிக்கொண்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். லீவு விட்டால் அதுகள் எங்கள் வீட்டில்தான் கிடக்கும். இவள் மிளகாய் காயப்போட்டுவிட்டு வந்து அதுகளுக்குத் தலை பின்னிவிடுவாள். அக்காவும் தங்கையும் கதைக்க உட்கார்ந்தால் நான் இருப்பதையே மறந்துவிடுவார்கள். அவர்கள் ஊர்ப் பேச்சு ஓடும். யார் வீட்டுக் கிணறு, எந்தப் பனை, கோயில் திருநாளுக்கு யார் கொடி பிடித்தது என்று. நான் குறுக்கே புகுந்து, “போதும், கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதை” என்பேன். விளையாட்டாகத்தான் சொல்வேன். இரண்டு பேரும் நிறுத்திவிடுவார்கள்.

போர் முடிந்து சில வருஷம் கழித்து அக்காவின் குடும்பம் ஊர் திரும்பியது. ஒருவழிப் பயணச் சீட்டும் தற்காலிகத் தாளும் கொடுத்து விமானத்தில் அனுப்பினார்கள். “நீயும் வா” என்று அக்கா கேட்டார். “இவரை விட்டுட்டு எப்பிடி அக்கா?” என்றாள் இவள். முகாமின் வாசலில் வேன் நின்றது. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இவளை ஒருக்கால் கொண்டுவந்து என்ர கண்ணில காட்டுங்கோ.”

“ஆறே மாசம் அக்கா. பாஸ்போர்ட்டு எடுத்து நானே கூட்டியாரேன்” என்றேன்.

ஆறு மாதம் ஆறு வருஷமாயிற்று. அதற்கும் மேலே போயிற்று. அவள் கேட்கும்போதெல்லாம் மழை இல்லை, வேலை இருக்கிறது, அடுத்த தை பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். பாஸ்போர்ட் என்றால் போலீஸ் விசாரணைக்கு வருவார்கள், பிறந்த ஊர் எது என்று கேட்பார்கள், நான் எழுதிய கட்டம் வெளியே வரும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. எனக்கே ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு ஒருநாள் போனில் சேதி வந்தது. அக்காவுக்கு வயிற்றில் கட்டி, புற்று என்று சொல்லிவிட்டார்கள். இவள் போனைக் கீழே வைத்துவிட்டு நேராக என் மேஜைக்கே வந்துவிட்டாள். கல்யாணமான நாள் முதல் அவள் அங்கே வந்ததில்லை. மற்றவர்கள் மனுவோடு நிற்கும் இடத்தில் அவளும் நின்றாள்.

“அக்காவைப் பாக்கோணும். எழுதுங்கோ.”

வேறு வழியில்லாமல் வீட்டில் வைத்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஓட்டர் ஐடி இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, போலீஸ் வந்தால் இந்த ஊரில்தான் பிறந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, பாஸ்போர்ட் வந்துவிடும் என்றேன்.

“நான் பிறந்த மண்ணை நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன். அந்தத் தாளோட போய் அக்காவின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? முதல்ல என்னை இந்த நாட்டுக்காரியா ஒழுங்கா ஆக்குங்கோ. பேந்து பாஸ்போட்.”

மதுரையில் ஒரு வக்கீலிடம் போனோம். நல்ல மனுஷர். விசா இல்லாமல் படகில் வந்தவர்களுக்குச் சட்டத்தில் நேர் வழி இல்லை, ஆனாலும் சிலருடைய மனுக்களைப் பரிசீலிக்கச் சொல்லி நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உள்ளூர்க்காரரைக் கட்டி இத்தனை வருஷமாக வாழ்கிறவர் என்பதைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு. இந்தியர்னு சொல்லி எதாச்சும் கார்டு வாங்கிருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. நாமளே முந்திக்கிட்டு, அறியாமைல நடந்ததுன்னு எழுதி ஒப்படைச்சிருவோம். அதுல தப்பிச்சுக்கலாம். அவங்களாக் கண்டுபிடிச்சா ஒண்ணும் செய்ய முடியாது.”

“ரேஷன் கார்டு மட்டுந்தான் சார்” என்றேன்.

என் மனைவி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். நான் அவளைப் பார்க்கவில்லை. வக்கீலிடமும் வைத்தியரிடமும் ஒளிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது அந்த நிமிஷம்தான். ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு படித்த மனுஷர் முன்னால், இத்தனை வருஷம் மனு எழுதியவன் தன் பெண்டாட்டி பெயரில் பொய் உறுதிமொழி எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எனக்கே ஆறுதலாக இருக்கும்.

பஸ்ஸில் அவள், “ஏன் சொல்லேல்ல?” என்று கேட்டாள். “அதெல்லாம் எந்தக் காலத்துப் பேப்பரு, யாரு தோண்டப் போறா?” என்றேன். குடியுரிமை விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். பிறந்த ஊர் என்ற கட்டம் வந்தபோது ‘மன்னார்’ என்று போட்டேன். “மன்னார் இல்லை, அதுக்கும் அங்கால...” என்று ஆரம்பித்தாள். “அதெல்லாம் இவனுகளுக்குப் புரியாது புள்ள, மன்னார்னாப் போதும்” என்று மேலே எழுதிக்கொண்டு போனேன்.

மனு போன பிறகு காத்திருப்பு. அக்கா வாரத்துக்கு இரண்டு முறை குரல் செய்தி அனுப்புவார். முதலில் நீளமாக இருந்தது. பிள்ளைகள் படிப்பு, கோழி, வேலி, ஆஸ்பத்திரி என்று எல்லாம் வரும். போகப் போகச் சுருங்கியது. “என்னவாம், வந்திட்டுதோ?” என்பது மட்டும் வரும். இவள் மிளகாய்க் களத்தில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவாள்.

விசாரணைக்கு மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அருப்புக்கோட்டையில் மாறி, பாலவனத்தம் வழியாகப் போகும் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். அவள் அதே பச்சைச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். அதிகாரி வயதில் சின்னவர், மரியாதையாக உட்காரச் சொன்னார். கோயில் பதிவேட்டின் நகல், முகாமின் பழைய பட்டியல், விண்ணப்பம் எல்லாவற்றையும் சரிபார்த்தார். கடைசியில் இன்னொரு தாளை எடுத்து விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தப் பழைய ஃபாரம். பிறந்த ஊர், எங்கள் ஊர். இந்தியக் குடிமகள். கீழே அவள் கையெழுத்து. என் எழுத்தில் ‘ற’கரத்துக்கு ஒரு வால் இருக்கும். இரண்டு தாளிலும் அந்த வால் இருந்தது.

“ரெண்டுல எதும்மா உண்மை?”

“மன்னார்ப் பக்கம்தான் ஐயா உண்மை.”

“அப்ப இது? உங்களுக்குத் தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா, இல்ல, வேற யாராவது எழுதிக் கொடுத்ததுல தெரியாமப் போட்டீங்களா?”

அந்த அதிகாரிப் பிள்ளை ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டது என்பது எனக்குப் புரிந்தது. ‘நான்தான் சார் எழுதினேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொன்னால் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே பொய் உறுதிமொழி, போலீஸ் கேஸ், தாலுகா ஆபீஸ் வாசலில் என் மேஜை, ஊர்ச் சிரிப்பு எல்லாமும் வந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் குரல் கேட்டது.

“தெரிஞ்சுதான் ஐயா போட்டனான். நான் சொல்லித்தான் இவர் எழுதினவர்.”

ஒழுகும் கூரைக்குக்கூடப் பொய் எழுத விடாதவள் சொன்ன பொய் அது. எனக்காகச் சொன்னாள். அதிகாரி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் சொன்னதை எழுதிக்கொண்டு கீழே கையெழுத்து வாங்கினார்.

திரும்பும்போது பாலவனத்தத்தில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. “ஏன் புள்ள அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன். “எனக்கு இஞ்ச நீங்கள் மட்டும்தானே. உங்களையும் கொண்டுபோட்டா நான் என்ன செய்யிறது?” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் வீரசோழன் ஊர்க்காரரான பாய், என் பால்ய சிநேகிதர். அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

“ஏலே, இன்னைக்கே திரும்பிப் போ. போயி நாந்தான்னு எழுதிக் குடுத்துட்டு வா. உள்ள தூக்கிப் போட்டாலும் போடட்டும்லே, நான் வந்து பாக்குறேன்.”

“போறேன் பாய்” என்றேன். திங்கட்கிழமை போகலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை வந்தது, போயிற்று. அதற்கடுத்த திங்களும் போயிற்று.

அதற்குள் அக்காவுக்கு முடியாமல் போய்விட்டது என்று பெரிய மகள் அழுதுகொண்டே பேசினாள். இவள் அன்றைக்குச் சமைக்கவில்லை. “அக்கா போன மாதிரியே நானும் ஒருவழித் தாளில போறன். எழுதித் தாங்கோ” என்றாள்.

அதில் போனால் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை. மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால் மனுவும் செத்துவிடும். இதையெல்லாம் தொழில்காரன் மாதிரி விரல்விட்டு அவளுக்குச் சொன்னேன். “ஒரு மாசம் பொறு. ஆர்டர் வந்துரும். அப்புறம் ராணி மாதிரி போயிட்டு வரலாம்” என்றேன். நான் சொன்ன சட்டம் சரிதான். ஆனால் சொன்ன காரணம் சட்டம் இல்லை. அவள் போனால் வர மாட்டாள், நான் தனியாகக் கிடப்பேன் என்ற பயம். அவள் என் முகத்தைப் பார்த்து, “சரி, நீங்கள் சொன்னா நான் நிக்கிறன்” என்றாள்.

பதினெட்டாம் நாள் அக்கா இறந்துபோனார்.

அடக்கத்தைப் போனில் காட்டினார்கள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. கோயிலுக்குள் பெட்டியைக் கொண்டுபோகும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. பெட்டியின் ஒரு மூலையும் யாரோ ஒருவருடைய முதுகும்தான் தெரிந்தது. நான் போனை வாங்கி, அணைத்துப் போட்டு, வாசலுக்கு ஓடிப் பிடித்துப் பார்த்தேன். திரும்ப வந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். இவள் அழவில்லை. தன் வலது மணிக்கட்டை இடது கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துவாய் கட்டிய கை அதுதான் என்று எனக்குத் தோன்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு எங்கள் கோயிலில் காணிக்கை செலுத்தினோம். சாமியார் அக்காவின் பெயரைச் சொன்னபோது மட்டும் அவள் தோள் குலுங்கியது.

உத்தரவு அதற்கு ஒரு வாரம் கழித்துத் தபாலில் வந்தது. வழக்கமாக மற்றவர்களுக்கு நான்தான் உத்தரவுகளைப் படித்துச் சொல்வேன். அன்றைக்கு என் மேஜையில் வைத்து எனக்கு நானே படித்தேன். மனுதாரர் பிறந்த நாட்டை மறைத்துத் தன்னை இந்தியர் என்று பொய்யாக உறுதிமொழி அளித்து வாக்காளர் அட்டை பெற்றதை அவரே ஒப்புக்கொண்டிருப்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது. வாக்காளர் பட்டியலிலிருந்தும் குடும்ப அட்டையிலிருந்தும் பெயர் நீக்கப்படும். ‘அவரே ஒப்புக்கொண்டிருப்பதால்.’ அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வக்கீலிடம் எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சலித்துப்போன குரலில், “மேல போயிப் பாக்கலாம், வருஷக்கணக்காகும். இப்ப அவங்க கையில ஒரு தாளும் இல்ல. கேஸு போடாம விட்டதே பெருசு. முகாம்ல மறுபடி பதியச் சொல்லுங்க. அவங்க பேரு செல்லுற இடம் அது ஒண்ணுதான்” என்றார். அக்கா கல்யாணத்தன்று சொன்னதும் அதுதான்.

இப்போது யாராவது இந்த மாதிரி விவகாரத்தோடு என் மேஜைக்கு வந்தால் நான் பேனாவைத் தொடுவதற்கு முன்னால் கத்துகிறேன். ஓட்டுக் கார்டு சும்மா கிடைக்கிறது என்று எவன் ஆசை காட்டினாலும் வாங்காதே. பள்ளிக்கூடத்தில் ஒரு பிறந்த தேதி, ஆஸ்பத்திரியில் ஒரு தேதி என்று வைத்துக்கொண்டு அலையாதே. முகாம் சீட்டைக் கிழிக்காதே. வக்கீல் கேட்டால் வயிற்றில் இருப்பதைக் கக்கு. படிக்காமல் கையெழுத்துப் போடாதே, எழுதுகிறவன் உன் புருஷனாகவே இருந்தாலும். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரல் உடைகிறது. வந்தவர்கள் பயந்துபோய்ப் பார்ப்பார்கள். கிழவனுக்குக் கிறுக்கு என்று சொல்லிக்கொண்டு போனாலும் போகட்டும்.

பதிவு செய்ய அவளைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை. பதிவு முடிந்து உத்தரவு வரும்வரை அவள் அங்கேயே தங்க வேண்டும். வெளியாள் இரவு தங்கக் கூடாது. வெளியாள் என்றால் நான். பழைய ஓட்டு வீட்டு வரிசைகள் இருந்த இடத்தில் புதுக் கட்டடங்கள் நின்றன. அக்கா குடியிருந்த வரிசை எது என்று அவள் நின்று தேடினாள். ஒரு வேப்பமரத்தை வைத்து அடையாளம் சொன்னாள்.

பதிவு எடுக்க வந்திருந்த ஆபீஸர் அம்மா ஒரு ஃபாரத்தை நீட்டினார். என் கை என்னை அறியாமல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பெயரை எழுதப் போனேன்.

“நீங்கள் எழுத வேண்டாம். தாங்கோ” என்றாள் என் மனைவி.

பேனாவைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றேன். அவள் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு முறை படித்தாள். பிறந்த ஊர் என்ற கட்டம் வந்தது. மன்னார் என்று எழுதவில்லை. வேறொரு பெயரை எழுதினாள். சின்னப் பெயர், கட்டத்தில் பாதிகூட நிரம்பவில்லை. அக்காவும் அவளும் பேசும்போது இடையிடையே காதில் விழுந்திருக்கும். நான் ஒருநாளும் காது கொடுத்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறேன். என் மனைவி பிறந்த ஊரின் பெயர் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

“ஏன் புள்ள, இத்தனை வருஷத்துல ஒருவாட்டிகூட எங்கிட்ட இதைச் சொல்லலையே.”

“நீங்கள் ஒருநாளும் கேக்கேல்ல” என்றாள். குரலில் கோபம் இல்லை. “எழுதினீங்கள்.”

ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நரிக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் நான் மட்டும் ஏறினேன். கண்டக்டர் பழக்கத்தில் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, பக்கத்து சீட்டைப் பார்த்து, “மதினி வரலையாண்ணே?” என்று கேட்டார்.